கிரே தெரு, டர்பன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளையும், சென்னை, கோவைப் பக்கமிருந்து வேலைக்கோ கல்யாணத்துக்கோ வருகிறவர்களையும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் கிரே தெருப் பக்கம் கூட்டிப்போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. எந்த முக்கில் எந்தக் கேள்வி வரும் என்பதுகூட இப்போது தெரியும். பதில்களை எழுதிவைத்துவிட்டால், நடக்கும்போது கடைகளை வேடிக்கை பார்க்கலாமே என்றுதான் இது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கூகுள் மேப்பில் கிரே ஸ்ட்ரீட் என்று தேடினால் சரியாக வரவில்லை. அப்படி ஒரு தெரு இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது, பெயர்தான் மாறிவிட்டது. 2008-ல் டர்பன் மாநகராட்சி நகரத்தின் ஏராளமான தெருப் பெயர்களை மாற்றியபோது இது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு ஆயிற்று. நகர மண்டபத்திலிருந்து மேற்கே, வார்விக் சந்திப்பை நோக்கிப் போகும் வழியில் குறுக்கே வரும். பழைய ஆட்கள் எல்லாரும் இன்னும் கிரே ஸ்ட்ரீட் என்றுதான் சொல்வார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

கிரே தெரு என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு தெருவை மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். விக்டோரியா தெரு, குயின் தெரு, பிரின்ஸ் எட்வர்ட் தெரு, லோர்ன் தெரு என்று அதைச் சுற்றியுள்ள பேட்டை முழுவதற்கும் அதுதான் பெயர். வழி கேட்க உதவும் என்பதால் புதுப்பெயர்களையும் சொல்லிவிடுகிறேன்: விக்டோரியா தெரு இப்போது பெர்த்தா ம்கீஸே தெரு, குயின் தெரு டெனிஸ் ஹர்லி தெரு, பிரின்ஸ் எட்வர்ட் தெரு டாக்டர் கூனம் தெரு, லோர்ன் தெரு இஸ்மாயில் மீர் தெரு, பைன் தெரு மான்டி நாயக்கர் சாலை.

யார் அந்த கிரே? ஏன் அவர் பெயரை வைத்தார்கள்?

சர் ஜார்ஜ் கிரே, 1854 முதல் 1861 வரை கேப் காலனியின் ஆளுநர். அதற்கு முன்னும் பின்னும் நியூசிலாந்தில் ஆளுநராக இருந்தவர். 1855-ல் அவர் டர்பனுக்கு வந்தபோது, ஊர்ப் பிரமுகர்கள் கொடுத்த வரவேற்பு மனுவிலேயே கரும்புத் தோட்டத்துக்கு இந்தியக் கூலிகளை வரவழைக்க வேண்டும் என்ற கோரிக்கை இருந்தது. ஐந்தே வருடத்தில் கப்பல் வந்துவிட்டது. கூலியாட்களை அனுப்பச் சொல்லி யாரிடம் கேட்டார்களோ, அவர் பெயர் கொண்ட தெருவிலேயே அந்தக் கூலியாட்களின் பேரப்பிள்ளைகள் கல்யாணப் புடவை எடுத்தார்கள். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள்.

சரி, தாதூ டர்பன்காரரா?

இல்லை. அவர் 1909-ல் ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கேயுள்ள க்ரூகர்ஸ்டார்ப்பில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு வந்து, அந்தப் பகுதிக்கான டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் தலைவரானார். 1947 மார்ச்சில் அவரும், டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த மான்டி நாயக்கரும், ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் ஸூமாவும் சேர்ந்து போராடுவதாகக் கையெழுத்திட்டார்கள். மூவரும் மருத்துவர்கள் என்பதால் ‘டாக்டர்கள் ஒப்பந்தம்’ என்று பெயர். தாதூ பின்னால் நாட்டைவிட்டு வெளியேறி, 1983-ல் லண்டனில் இறந்து, ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் மார்க்ஸுக்குப் பக்கத்தில் அடக்கமானார்.

நம் ஊர்க்காரரான நாயக்கரின் பெயரை இந்தத் தெருவுக்கு வைத்திருக்கலாமே என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. பைன் தெரு அவர் பெயருக்கும், கமர்ஷியல் ரோடு ஸூமா பெயருக்கும் போயிருக்கின்றன. மூன்று டாக்டர்களும் பக்கம் பக்கமாகத்தான் இருக்கிறார்கள்.

இந்தியர்கள் ஏன் குறிப்பாக இந்த இடத்தில் வந்து சேர்ந்தார்கள்?

முதல் காரணம் நிலம். அந்தக் காலத்தில் நகரத்தின் மேற்கு ஓரம் தண்ணீர் தேங்கும் சதுப்பு. வெள்ளைக்காரர்கள் கடை போட விரும்பிய இடம் வெஸ்ட் தெரு. யாரும் விரும்பாத தாழ்ந்த நிலம் இந்தியர்களுக்கு விலைக்குக் கிடைத்தது.

இரண்டாவது, வந்தவர்கள் இரண்டு வகை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ கப்பல் மெட்ராஸிலிருந்து 342 பேரோடு வந்து சேர்ந்தது. 1911 வரை இப்படி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதி மெட்ராஸ் மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து வந்த வணிகர்கள் இன்னொரு வகை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் குஜராத்திகள், அதிலும் முஸ்லிம்கள் அதிகம். மொரிஷஸிலிருந்து 1870-களில் வந்த அபூபக்கர் ஆமோத் ஜவேரி முதல் கடையை வெஸ்ட் தெருவில்தான் போட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கிரே தெருவை நிரப்பினார்கள்.

மூன்றாவது காரணம் சட்டம். நான் இதைத்தான் பெரிய காரணம் என்பேன். 1897-ல் நேட்டால் அரசாங்கம் கொண்டுவந்த வியாபாரி உரிமச் சட்டத்தில் ‘இந்தியர்’ என்ற வார்த்தை தப்பித்தவறிக்கூட இல்லை. ஆனால் உரிம அதிகாரி காரணம் சொல்லாமல் மறுக்கலாம், கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், மறுத்தால் நகர சபையிடம் மட்டும் முறையிடலாம், உயர்நீதிமன்றத்துக்குப் போக முடியாது. மறுத்த அதிகாரியை நியமித்ததே அந்த நகர சபைதான். வெஸ்ட் தெருவில் உரிமம் கிடைக்காதவர்கள் கிரே தெருவுக்குள் ஒதுங்கினார்கள். இந்தியர்கள் தாங்களாகவே கூட்டமாக இருக்க ஆசைப்பட்டார்கள் என்று யாராவது சொன்னால், இந்தச் சட்டத்தை நினைவுபடுத்துங்கள்.

அப்போ அது குஜராத்தித் தெருதானே அக்கா? நம்ம ஆட்கள் எங்கே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. தலையை உயர்த்திக் கட்டடங்களில் பொறித்த பெயர்களை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். பட்டா அவர்கள் கையில் இருந்தது, உண்மைதான். தமிழர்கள் நடைபாதையிலும், சந்தையிலும், சமையல்கட்டிலும், தையல் மெஷினுக்குப் பின்னாலும் இருந்தார்கள். அவர்கள் பெயரைக் கல்லில் யாரும் வெட்டவில்லை.

ஒப்பந்தம் முடிந்த நம்மவர்களில் பலர் ஊரைச் சுற்றி ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். விடியுமுன் தலைச்சுமையாகவும் வண்டியிலும் கொண்டுவந்து விற்ற இடம் இந்தப் பேட்டை. டர்பன் நகரத்துக்குக் காய்கறி ஊட்டியது இவர்கள்தான். இன்னொரு கூட்டம் மாநகராட்சித் தொழிலாளிகள். சோம்ட்ஸு சாலையிலிருந்த மேகசின் பாரக்ஸில் தலைமுறைகளாகக் குடியிருந்து, நகரத்தின் குப்பையை அள்ளி, ரோடு போட்டவர்கள். பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். கடற்கரை ஹோட்டல்களில் வெள்ளைச் சீருடையோடு பரிமாறியவர்களும் நம்மவர்களே. அந்த ஹோட்டல்களில் உட்கார்ந்து சாப்பிட அவர்களுக்கு அனுமதி இல்லை. சம்பளம் வாங்கிய சனிக்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட, துணி எடுக்க, படம் பார்க்க இருந்த ஒரே இடம் கிரே தெரு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் காசு நின்றிருந்தால் பாதிக் கடை ஓடியிருக்காது.

பெரிய பள்ளிவாசல் தென் அரைக்கோளத்திலேயே பெரியது என்கிறார்களே, நிஜமா?

ஒரு காலத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டார்கள், சுற்றுலாக் கையேடுகள் இன்னும் விடவில்லை. ஜகார்த்தாவும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேதான் இருக்கிறது. அங்கே 1978-ல் திறந்த இஸ்திக்லால் மசூதிக்குப் பக்கத்தில் இதைச் சின்னது என்றுதான் சொல்ல வேண்டும்.

அளவை விடுங்கள், வயதைப் பாருங்கள். மேலே சொன்ன ஜவேரியும் ஹாஜி முகமது தாதாவும் சேர்ந்து 1881-ல் இந்த இடத்தை வாங்கினார்கள். பிறகு பலமுறை பெரிதாக்கிக் கட்டி, பொன்னிறக் குவிமாடங்களோடு இன்றைய வடிவத்துக்கு வந்தது. கீழே தெருவைப் பார்த்துக் கடைகள் இருக்கும், அந்த வாடகை பள்ளிவாசலுக்குப் போகும். காலணியைக் கழற்றிவிட்டு, உடம்பை மூடிய உடையில் போனால் மற்ற மதத்தவரையும் உள்ளே அனுமதிப்பார்கள். தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள்.

பள்ளிவாசல் பக்கத்தில் ஒரு சந்து, அதைத் தாண்டினால் சர்ச். இது எப்படி?

அந்தச் சந்துக்கு மதரஸா ஆர்கேட் என்று பெயர், 1920-களில் கட்டியது. ஒரு முனை கிரே தெருவில், மறுமுனை எம்மானுவேல் கதீட்ரல் பக்கம். கதீட்ரல் 1904-ல் திறந்தது. இனஒதுக்கலை எதிர்த்துப் பேசிய பேராயர் டெனிஸ் ஹர்லி அங்கேதான் இருந்தார். குயின் தெரு அவர் பெயருக்கு மாறியது அதனால்தான்.

சந்துக்குள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்ப வேண்டும். துணித் துண்டு, பித்தான், பை, பிளாஸ்டிக் வளையல், அலுமினியச் சட்டி எல்லாம் தலைக்கு மேல் தொங்கும். ஒரு தையற்காரர் வாசலிலேயே மெஷினைப் போட்டு, ஸூலு என்ற ஆப்பிரிக்க இனப் பெண்களின் கொண்டாட்டப் பாவாடைக்குக் கறுப்பு நாடா வைத்துத் தைப்பார். பேரம் ஸூலுவில் நடக்கும், கணக்கு ஆங்கிலத்தில். மத்தியானம் பாங்கு சத்தமும் கதீட்ரல் மணியும் கொஞ்ச இடைவெளியில் கேட்கும். பார்க்க வந்தவர்கள் இதை ஒற்றுமைக்கு அடையாளம் என்று படம் பிடிப்பார்கள். கடைக்காரர்களுக்கு அது சாப்பாட்டு நேரம்.

காந்தி இந்தத் தெருவில் குடியிருந்தாரா?

குடியிருந்தது பீச் குரோவில், கடற்பக்கம். கிரே தெருவோடு அவருக்குள்ள தொடர்பு அச்சகம் வழியாக. மதன்ஜித் வியவகாரிக் நடத்திய இன்டர்நேஷனல் பிரிண்டிங் பிரஸ் இங்கே இருந்தது. ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையின் முதல் இதழ் 1903 ஜூனில் அங்கிருந்துதான் வெளிவந்தது. முதல் ஆசிரியர் மன்சுக்லால் நாஸர். 1904 கடைசியில் காந்தி அச்சகத்தையே ஃபீனிக்ஸ் பண்ணைக்கு மாற்றிவிட்டார்.

நமக்கு முக்கியமான செய்தி: அந்தப் பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்தது. அதாவது 1903-ல் கிரே தெருவில் தமிழ் எழுத்துகளைக் கையால் கோர்த்து அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் தமிழுக்கும் இந்திக்கும் ஆசிரியரும் அச்சுக்கோர்ப்பவரும் சரியாக அமையாமல் 1906-ல் அந்த இரண்டு பகுதிகளும் நின்றுபோயின. குஜராத்தி நிற்கவில்லை. காசும் ஆளும் எந்தப் பக்கம் இருந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தமிழர்களே நடத்திய பத்திரிகை ஏதும் இல்லையா?

இருந்தது. பி. எஸ். ஐயர் 1908-ல் டர்பனில் ‘ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்’ தொடங்கினார், ஆங்கிலமும் தமிழும் கலந்து. ஒப்பந்தம் முடித்தவர்கள் தலைமேல் வருடத்துக்கு மூன்று பவுண்ட் வரி விதித்திருந்தார்களே, அதை எதிர்த்து விடாமல் எழுதியவர் அவர். காந்தியையும் விட்டுவைக்கவில்லை, காரசாரமாக விமர்சித்தார். அதனாலோ என்னவோ, நம் கோயில் விழா மலர்களில்கூட அவர் பெயர் வருவதில்லை. இந்தியத் தொழிலாளர்களின் 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1914-ல் அந்த வரி ஒழிந்தது.

1949 கலவரம் இங்கே தொடங்கியதாகப் பாட்டி சொல்வார். என்ன நடந்தது?

1949 ஜனவரி 13 மாலை, விக்டோரியா தெரு சந்தைப் பக்கம், ஓர் இந்தியக் கடைக்காரர் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்தார். பையன் தலை கண்ணாடியில் மோதி ரத்தம் வந்தது. பஸ் ஏறக் காத்திருந்த கூட்டம் பார்த்தது. அன்றிரவும் மறுநாளும் பரவி, கேட்டோ மேனர் என்ற குடியிருப்புப் பகுதியில் வீடுகள் எரிந்தன. அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 142 பேர். அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். ஆப்பிரிக்கர்களில் பலர் போலீஸும் ராணுவமும் சுட்டதில் இறந்தவர்கள்.

நம் வீடுகளில் இந்தக் கதை ‘அவர்கள் நம்மை அடித்தார்கள்’ என்ற அளவில் நின்றுவிடும். கதை தொடங்கியதே ஒரு பெரியவர் ஒரு குழந்தையை அடித்ததில்தான் என்பதையும், வீட்டு வாடகை, பஸ், கடை என்று அன்றாடம் மோதவைத்த ஏற்பாட்டைச் செய்தது இரு தரப்பும் இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்கிறேன். வகுப்பில் கேள்வி கேட்காமல் எல்லாரும் அமைதியாக இருப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

ரெட் ஸ்கொயர் எங்கே? தேடிப்போனேன், கார் நிறுத்துமிடம்தான் இருக்கிறது.

சரியாகத்தான் போயிருக்கிறீர்கள். அதன் முறையான பெயர் நிக்கோல் ஸ்கொயர், பைன் தெருவில் இருந்த திடல். 1946-ல் இந்தியர்கள் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் தடை போட்ட சட்டம் வந்தது, ‘கெட்டோ சட்டம்’ என்று நம்மவர்கள் பெயர் வைத்தார்கள். ஜூன் 13 அன்று இந்தத் திடலில் பெருங்கூட்டம் கூடி, மான்டி நாயக்கர் தலைமையில் கேல் தெரு, அம்பிலோ சாலை முக்கிலிருந்த காலி மனைக்கு ஊர்வலமாகப் போய்க் கூடாரம் அடித்துச் சட்டத்தை மீறினார்கள். சுமார் 2,000 பேர் சிறை போனார்கள். டாக்டர் கூனமும் அவர்களில் ஒருவர். எடின்பரோவில் படித்துவந்த, தென்னாப்பிரிக்காவின் முதல் இந்தியப் பெண் மருத்துவர். பிரின்ஸ் எட்வர்ட் தெருவில் நிற்கும்போது அந்தப் பெயர்ப்பலகையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

திடல் இருந்த இடத்தில் அடுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டியதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டம் கூடும் வெட்டவெளி எந்த அரசாங்கத்துக்கும் பிடிக்காது.

குரூப் ஏரியாஸ் சட்டம் எல்லா இடத்தையும் காலிசெய்தது. கிரே தெரு மட்டும் எப்படித் தப்பித்தது?

பாதிதான் தப்பித்தது. எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த அந்தச் சட்டம் 1950-ல் வந்ததும் கேட்டோ மேனர், மேகசின் பாரக்ஸ் என்று நம்மவர் இருந்த இடங்களை ஒவ்வொன்றாகக் காலிசெய்து, 1960-களில் சாட்ஸ்வொர்த் என்ற புறநகருக்கும் 1976-லிருந்து ஃபீனிக்ஸ் என்ற புறநகருக்கும் அனுப்பினார்கள். கிரே தெருவை என்ன செய்வது என்று மட்டும் இருபது வருடத்துக்கு மேல் முடிவு சொல்லவில்லை. நாளைக்கு இருக்குமோ இருக்காதோ தெரியாத கட்டடத்துக்கு யார் சுண்ணாம்பு அடிப்பார்கள்? மேல்மாடி வராந்தாக்களில் இன்று நீங்கள் பார்க்கும் துருவும் விரிசலும் அப்போது தொடங்கியவை.

கடைசியில் 1973-ல், இந்தியர்கள் இங்கே வியாபாரம் செய்யலாம், குடியிருக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். கீழே கடை, மேலே வீடு என்று கட்டிய தெருவுக்கு இது பாதி உயிரை எடுத்த மாதிரி. பின்னால் அந்த விதியைத் தளர்த்தினார்கள். போனவர்கள் பெரும்பாலும் திரும்பவில்லை.

விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட், எர்லி மார்னிங் மார்க்கெட், இரண்டில் எது பழைய மார்க்கெட்?

காய்கறி விவசாயிகள் முதலில் விற்றது பள்ளிவாசல் வளாகத்துக்குள். 1910-ல் மாநகராட்சி விக்டோரியா தெருவில் இந்தியர் சந்தையைத் திறந்தது. உள்ளே இடம் கிடைக்காத விவசாயிகள் விடியற்காலையில் தெருவிலேயே குந்தி விற்க, 1934-ல் அவர்களுக்காக வார்விக் அவென்யூவில் கட்டியதுதான் எர்லி மார்னிங் மார்க்கெட். விக்டோரியா தெருச் சந்தை 1973-ல் தீயில் எரிந்தது. இப்போது ஊதாக் குவிமாடத்தோடு நிற்பது 1990-ல் திறந்த கட்டடம். ஆகவே பழைய சுவர் வேண்டுமானால் எர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குப் போங்கள். 2009-ல் அதை இடித்து மால் கட்டத் திட்டம் போட்டார்கள். இந்திய, ஆப்பிரிக்க வியாபாரிகள் சேர்ந்து தெருவில் இறங்கி நிறுத்தினார்கள்.

வாங்குவதற்கு என்றால்: கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, கட்ரா பீன்ஸ், டபுள் பீன்ஸ், மடும்பி எல்லாம் எர்லி மார்னிங்கில். மடும்பி என்றால் நம் சேப்பங்கிழங்கு. மசாலாவும் வெளியூருக்கு எடுத்துப்போகும் சாமானும் விக்டோரியாவில். அங்கே மசாலாத் தூளைக் கூம்பு கூம்பாகக் குவித்து, சீட்டில் பெயர் குத்தியிருப்பார்கள். ‘மாமியார் எக்ஸ்டெர்மினேட்டர்’ என்ற பெயரைப் பார்த்து எல்லா மருமகளும் படம் எடுப்பார்கள், மாமியார்கள்தான் வாங்குவார்கள். காஷ்மீரி மிளகாய் நிறம்தான் அதில் அதிகம், பெயருக்குத் தக்க காரம் இல்லை.

பன்னி சாவ் இந்தத் தெருவில்தான் பிறந்ததா? எப்படிச் சாப்பிடுவது?

கிரே தெரு உணவகங்களில் பிறந்தது என்பதுதான் பரவலான பேச்சு. கபிட்டான்ஸ் என்ற பழைய கடையின் பெயர் அதிகம் அடிபடும். கோல்ஃப் மைதானத்துப் பையன்களுக்காகச் செய்தது என்பார்கள், கடைக்குள் உட்கார அனுமதியில்லாத ஆப்பிரிக்கர்களுக்குப் பொட்டலமாகக் கொடுத்தது என்பார்கள். காகிதத் தட்டு இல்லாத காலத்தில் ரொட்டியே பாத்திரமாயிற்று என்ற அளவில் எல்லாக் கதையும் ஒத்துப்போகிறது.

முழு ரொட்டியை நான்காக வெட்டி, ஒரு துண்டின் நடுவைத் தோண்டி, குழியில் கறிக்குழம்பை ஊற்றி, தோண்டிய பஞ்சை மேலே மூடியாக வைப்பார்கள். ‘கால் மட்டன்’ என்று கேட்டால் மட்டன் ஊற்றிய கால் ரொட்டி. துருவிய கேரட், வெங்காயம், பச்சைமிளகாய் போட்ட சம்பல் ஓரத்தில் வரும். முள்கரண்டி கேட்காதீர்கள். மூடியை முதலில் பிய்த்துக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுங்கள், பிறகு மேல்சுவரிலிருந்து வட்டமாகக் கிழித்துக்கொண்டு கீழே இறங்குங்கள். அவசரப்பட்டு அடியைக் குத்தினால் மடியில்தான் விழும். புரட்டாசியில் வருகிறவர்களுக்குப் பீன்ஸ் பன்னி இருக்கிறது, என் நாக்குக்கு மட்டனைவிட அதுதான் பிடிக்கும்.

தாத்தா இங்கே தமிழ்ப் படம் பார்த்ததாகச் சொல்கிறார். அந்தத் தியேட்டர்கள் எங்கே?

அவலான், ஷாஜஹான், ராயல், ராஜ், ஆல்பர்ட், நாஸ் என்று இந்தப் பேட்டையில் அடுத்தடுத்து இருந்தன. 1946-ல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டது, அதனால் படச்சுருள் வேறு நாடுகளைச் சுற்றித்தான் வந்தது. தாமதமாக வந்தாலும் கூட்டம் குறையவில்லை. 1976-ல் இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது, பிறகு வீடியோ. கட்டடங்கள் சில கடைகளாகவும் கிடங்குகளாகவும் மாறி நிற்கின்றன.

இப்போது போனால் தமிழ் காதில் விழுமா?

பேச்சாக, அபூர்வமாக. விழுந்தால் அது பெரும்பாலும் அண்மையில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் பேசுவதாக இருக்கும். நம் வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறையாக ஆங்கிலம்தான். தாத்தா, பெரியப்பா, அத்தை என்ற உறவுப் பெயரும் தேவாரமும் சமையல் சொற்களும் நிற்கின்றன. 1996 அரசியல் சட்டம் மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் சேர்த்திருக்கிறது. சட்டத்தில் இருக்கிறது, சாப்பாட்டு மேசையில் இல்லை.

தெருவே இப்போது வேறு. சோமாலி, எத்தியோப்பிய, பாகிஸ்தானி, வங்கதேசக் கடைகள், காங்கோக்காரர்களின் முடிதிருத்தகங்கள், நடைபாதையில் ஸூலு மூலிகைக்காரிகள். பூஜைச் சாமான் கடையொன்றில் விற்பனைக்கு நிற்கும் ஸூலுப் பெண், காவடிக்கு என்றால் எத்தனை எலுமிச்சை, எவ்வளவு சாம்பிராணி, கற்பூரம் எந்த அளவு டப்பா என்று என் வகுப்புப் பிள்ளைகளைவிடச் சரியாகச் சொல்வாள். மஞ்சள் துணியை நீட்டியபடி ‘ஆன்ட்டி, இது முருகனுக்கு, அது அம்மனுக்கு இல்லை’ என்று என்னையே திருத்தியிருக்கிறாள்.

பயமில்லாமல் போகலாமா?

பகலில், வார நாளில், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, போனைக் கையில் ஆட்டாமல் போங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குப் பல கடைகள் மூடும். ஞாயிறு மத்தியானம் தெரு வெறிச்சோடும், அப்போது வேண்டாம்.

எங்கள் கொள்ளுத்தாத்தா கிரே தெருவில் கடை வைத்திருந்ததாகக் குடும்பத்தில் சொல்கிறார்கள். எப்படி உறுதிசெய்வது?

முதலில் எந்த வகைக் கடை என்று பாட்டிகளிடம் கேளுங்கள். ‘கடை’ என்று நினைவில் நிற்பது பல சமயம் சந்தையில் ஒரு மேசை, அல்லது ஒரு வணிகரின் கடையில் வேலை. நம்மவர் எங்கே இருந்தார்கள் என்று மேலே சொன்னேனே, அந்தப் பதிலைப் படித்துவிட்டுக் கேட்டால் கேள்வி சரியாக அமையும். மேசையாக இருந்தாலும் குறைவில்லை.

பிறகு ஒப்பந்த எண்ணைத் தேடுங்கள். கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பழைய பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களில் பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் அது எழுதியிருக்கும். எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் அவர் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் வரை வரும். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும், டர்பன் ஆவணக் காப்பகத்திலும் கேட்கலாம். ஊர்ப் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், தஞ்சாவூர் மாவட்டங்களின் பழைய தாலுகாப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு நாலைந்து விதமாகச் சொல்லிப் பாருங்கள். எண் இல்லாவிட்டால் தகப்பன் பெயரோடு கப்பல் வந்த வருடமாவது தெரிய வேண்டும். முனுசாமி என்று மட்டும் போய்க் கேட்டால் பல பக்கங்களுக்கு முனுசாமிகள் இருப்பார்கள்.